பிடுங்கக் கூடாத பிளக்

பயப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கி, நன்றாகப் பயந்ததற்காகப் பதவி உயர்வும் பெற்று, பயம் கொஞ்சமும் குறையாமல் ஓய்வு பெற்ற மனிதர் சிங்கப்பூரில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். பெயர் பிளக் அண்ணன். அடையாள அட்டையில் வேறு ஏதோ பெயர் இருந்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

சிராங்கூன் பக்கம் நெருக்கியடித்து நிற்கும் பழைய தரைவீட்டு வரிசை எங்களுடையது. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே நான் தும்முவேன். அண்ணன் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். எங்கே எது விழும், எது வெடிக்கும், யார் வழுக்குவார்கள் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை யோசிப்பதுதான் உத்தியோகம். பட்டறை அவரை வீட்டுக்கு அனுப்பியபோது உத்தியோகத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பிளக் என்ற பெயர் இடியால் வந்தது. சிங்கப்பூரில் இடிக்குப் பஞ்சமில்லை. வானம் லேசாக உறுமினாலே போதும், டிவி, ஃபிரிட்ஜ், ரைஸ் குக்கர், சாமி மாடத்து மின்விளக்கு என்று ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே வீட்டைச் சுற்றி வருவார். அவர் வீட்டு ஐஸ்கிரீமை யாரும் கட்டியாகச் சாப்பிட்டதில்லை. தன் வீடு முடிந்ததும் சுவரைத் தட்டுவார்.

"தங்கச்சி! பிளக்!"

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமல், "பிடுங்கிட்டேன் அண்ணே," என்பேன்.

"டோஸ்டர்?"

என் வீட்டு டோஸ்டர் மேல் அவருக்குத் தனிச் சந்தேகம்.

கப்பல் பட்டறையில் வேலை தொடங்குவதற்கு முன் எல்லோரையும் நிற்க வைத்து, அன்றைய வேலையில் என்னென்ன ஆபத்து என்று சொல்வார்கள். அதற்கு டூல்பாக்ஸ் மீட்டிங் என்று பெயர். அண்ணன் வீட்டில் வடை சுடுவதற்கு முன்பும் அது உண்டு. தீபாவளிக்கு அண்ணியும் நானும் அடுப்படியில் வரிசையாக நிற்போம்.

"இன்னைக்கு என்ன வேலை?"

"வடை," என்பார் அண்ணி.

"என்ன ஆபத்து?"

"எண்ணெய் தெறிக்கும், கை சுடும், தரை வழுக்கும்," என்று நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன்.

"தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடுவீங்க?"

"மாவு நீத்துப் போகுதுங்க. நான் இப்பவே ஓடிடறேன் லா," என்பார் அண்ணி.

இந்த மீட்டிங்குகளில் அவர் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. அதிகாரி ஆவதற்கு முன் அவர் கப்பலின் எண்ணெய்த் தொட்டி வாசலில் காவல் நின்றவர்.

"டேங்குக்குள்ள ஒருத்தன் வேலைக்கு இறங்கினா, வாசல்ல இன்னொருத்தன் நிக்கணும் தங்கச்சி. நிக்கிறவனுக்கு வேற வேலையே கிடையாது. உள்ள இருக்கிறவனுக்காகப் பயப்படணும், அவ்வளவுதான். இவன் ஒழுங்கா பயந்தாத்தான் அவன் நிம்மதியா வேலை பார்ப்பான்."

"இப்படி ஒரு வேலை எனக்குக் கிடைக்காமப் போச்சே," என்று என் கணவர் பெருமூச்சு விடுவார். அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இந்தக் கூத்தெல்லாம் அண்ணிக்கு நுரையீரல் கெடும் வரைதான். மருத்துவமனையிலிருந்து அவர் திரும்பியபோது கூடவே ஒரு மெஷினும் வந்தது. சின்னப் பெட்டி அளவு. சுவரில் பிளக்கைச் செருகினால், அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். இரவும் பகலும் ஓட வேண்டும். கரண்ட் நின்றால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் கொஞ்ச நேரத்தில் அண்ணிக்கு மூச்சு முட்டும்.

காலமெல்லாம் பிளக்கைப் பிடுங்கிய மனிதர் வீட்டில், பிடுங்கவே கூடாத பிளக் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்த இடிக்குச் சுவர் தட்டும் சத்தம் கேட்கவில்லை. என்னவோ ஏதோ என்று போய்ப் பார்த்தேன். வீடு முழுக்கப் பிளக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. அண்ணன் அந்த ஒரு பிளக்குக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார். மின்னல் வெட்டும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கையை மட்டும் எடுக்கவில்லை. அவர் பயத்தைப் பார்த்து அத்தனை நாள் சிரித்த எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி, எங்கள் ஊர்ப் பேச்சில் மிஸ்ஸி, "கரண்ட் போனா உதவும் அங்கிள், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வச்சுக்குங்க," என்று கொண்டுவரவே கொண்டுவந்துவிட்டார். அண்ணன் வாசலிலேயே மறித்தார்.

"மிஸ்ஸி, இது சாஞ்சு வால்வு உடைஞ்சா என்ன ஆகும் தெரியுமா? ராக்கெட்டு லா! பட்டறையில ஒண்ணு சுவத்தத் துளைச்சிட்டு அடுத்த ஷெட்டுக்குப் போயிடுச்சு. என் கண்ணால பார்த்தேன். அதப் பக்கத்துல வச்சுக்கிட்டு எம் பொண்டாட்டியத் தூங்கச் சொல்றீங்களா?"

சிலிண்டர் வந்த வழியே திரும்பிப் போனது. அண்ணனின் தூக்கமும் அதோடு போனது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நடப்பது கேட்டுக்கொண்டே இருக்கும். "சிங்கப்பூர்ல கரண்ட் எங்க அண்ணே போகுது?" என்று என் கணவர் ஆறுதல் சொன்னால், "அது என்ன, சொல்லிட்டா போகும்?" என்பார்.

ஒரு நாள் ஈசூனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனவர், முகமெல்லாம் பிரகாசமாகத் திரும்பி வந்தார். அங்கே அடுக்குமாடி வீடுகளின் கூரை மேலெல்லாம் சோலார் பேனல்கள் இருக்கின்றனவாம்.

"கூரை மேல வெயில் சும்மாதான காயுது? கம்பியில வர்ற கரண்ட் போனாலும் மேல இருக்கிறது இருக்கும்ல?"

"ராத்திரி என்ன பண்ணுவீங்க?" என்றார் என் கணவர்.

"ராத்திரிக்கு நான் முழிச்சிருக்கேன்."



விலை சொல்ல வந்த கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராக அண்ணனின் கேள்விகளுக்குப் பயந்து ஓடினார்கள். கடைசிவரை உட்கார்ந்தவர் அருண் என்ற எஞ்சினியர் மட்டும்தான். திருச்சியிலிருந்து வேலைக்கு வந்த பொறுமைசாலி. அண்ணியும் நானும் பார்த்துக்கொண்டிருக்க விசாரணை நடந்தது.

"இந்தக் கண்ணாடி இடிய இழுக்குமா?"

"இழுக்காது அங்கிள். முறையா எர்த் பண்ணிடுவோம்."

"காத்துல பறந்து பக்கத்து வீட்டு ஆள் தலையில விழுமா?" இதைக் கேட்கும்போது என் தலையைப் பார்த்தார்.

"விழாது அங்கிள். நல்லா முடுக்கிடுவோம். உங்களுக்குப் போக மிஞ்சுற கரண்ட் திரும்பக் கம்பிக்கே போயிடும். பில்லுல கழிச்சுக்குவாங்க."

"நம்ம வீட்டுக் கரண்ட் வெளியில போயி யாரையாச்சும் அடிச்சா, கேஸ் யார் மேல?"

அருண் தண்ணீர் குடித்தார். பிறகு தெரியாத்தனமாக, "பேட்டரியும் சேர்த்துப் போடலாம் அங்கிள், அதுக்குத் தனி விலை," என்றார். அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

"பேட்டரியா? மின்ஸ்கூட்டர் பேட்டரி வெடிச்சு வீடு எரியறத டிவியில பார்க்கிறதில்லையா தம்பி? பேட்டரிய விடுங்க. வெறும் பேனல் மட்டும்."

அப்புறம் அருணை வாசல் கேட் வரை தனியாகக் கூட்டிப்போய் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. வெயிலில் நின்றதால் இருக்கும் என்று நினைத்தேன்.

"என்னங்க, போடலாமா?" என்று அண்ணி ஆவலாகக் கேட்டார்.

அண்ணன் அவரையே பார்த்தார். "போடலாம். ரூலெல்லாம் கரெக்டா இருக்கு. இனிமே கரண்ட் போனாலும் உனக்குப் பயமில்ல," என்றார். மூக்குக் குழாயோடு அண்ணி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அண்ணிக்குச் சொகுசுக் கப்பலில் ஊர் சுற்ற வேண்டும் என்று தீராத ஆசை. அதற்கென்று சேர்த்த பணம் வங்கியில் தூங்கியது. அண்ணன்தான் வருஷா வருஷம் தள்ளிப்போட்டார். 'கப்பலப் பிரிச்சுப் பார்த்தவன் எவனும் கப்பல்ல ஏறமாட்டான்' என்பது அவர் கட்சி. இனி மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அந்தப் பணம் கூரைக்குத் திரும்பியது. தவணையில் கட்டலாம் என்றால், "நான் நடுவுல போயிட்டா அவதான கட்டணும்?" என்று பயம். மொத்தமாகக் கட்டலாம் என்றால், "கம்பெனி நடுவுல போயிட்டா?" என்று பயம். வேலை நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவது என்று அருண் ஒரு வழி சொன்னார்.

முன்பணம் கட்ட புக்கிட் மேராவில் இருந்த கம்பெனி ஆபீசுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "நான் எதுக்கு அண்ணே?" என்றேன்.

"நான் உள்ள போறேன். நீங்க வாசல்ல நில்லுங்க."

நின்றேன். பணம் வாங்கிய பெண்ணோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நாளைக்கு அவள் வாங்கவில்லை என்று சொல்லிவிட்டால்?

பேனல் மாட்ட வந்த ஊழியர்களுக்கு எங்கள் வாசலில் நடந்த டூல்பாக்ஸ் மீட்டிங்கைப் போல அவர்கள் வாழ்க்கையில் கேட்டிருக்க மாட்டார்கள். அண்ணன் ஏணியின் அடியில் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மேலே போனவர்கள் இறங்கும் வரை வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி நின்றார். எல்லாம் முடிந்து சுவிட்சைப் போடும் நாளில் தேங்காய் உடைத்தார். ஓடு தெறிக்குமே என்று பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உடைத்தார். எங்களையும் மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

கூரையைப் படம் எடுத்து அண்ணிக்குக் காட்டினேன். கறுப்புப் பேனல்கள் வரிசையாக மின்னின. "நான் கேட்ட கப்பல்தான் செல்வி. கூரை மேல ஏறி நின்னுடுச்சு," என்றார் அண்ணி.

அன்றிலிருந்து சுவர் வழியாகக் குறட்டை வந்தது. ராத்திரி விழித்திருந்ததற்குப் பகலில் சேர்த்து விட்ட குறட்டை. மெஷினால் ஏறியிருந்த பில்லும் இறங்கியது. அண்ணன் தெம்பாகத் தெருவில் நடந்தார். எல்லாம் சுபம் என்று நான் நினைத்திருந்தபோதுதான், அவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

"செல்வி, தெருவுல கரண்ட் போனா மேல இருக்கிறதும் நின்னுடும்."

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"அளவெடுக்க வந்த அன்னைக்கே அந்தத் தம்பிகிட்ட கேட்டுட்டேன். கரண்ட் போனா ஆளுங்க வந்து கம்பிய சரி பண்ணுவாங்கல்ல? அப்ப நம்ம கரண்ட் கம்பியில போனா அவங்கள அடிச்சிடுமாம். அதனால பேனலும் தானா நின்னுடுமாம். பேட்டரி இருந்தாத்தான் வீட்டுக்கு ஓடுமாம்."

"அண்ணனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா இப்படித் தூங்குவாரா? அருண்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். மிஸ்ஸிகிட்ட ஒரு சிலிண்டருக்குச் சொல்லிட்டேன். இங்க வச்சா ஊரக் கூட்டுவாரு. உங்க வீட்டு மாடிப்படிக்கு அடியில வச்சுக்கிறியா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சிலிண்டர் என் வீட்டுக்கு வந்தது. சின்னத் தள்ளுவண்டியோடு மாடிப்படிக்கு அடியில் சங்கிலி போட்டுக் கட்டினோம். எப்படித் திறப்பது, பக்கத்தில் நெருப்பே ஆகாது என்றெல்லாம் மிஸ்ஸி சொல்லிக்கொடுத்தார். என் நிம்மதி அன்றோடு முடிந்தது.

ஊதுபத்தி ஏற்றுவதை நிறுத்தினேன். டோஸ்டரை யாருக்கோ தூக்கிக் கொடுத்தேன். சங்கிலி தளர்ந்திருக்குமோ என்று எழுந்து எழுந்து போய் இழுத்துப் பார்த்தேன். வானம் இருண்டால் போதும், போட்டது போட்டபடி மாடிப்படிக்கு ஓடுவேன். "பக்கத்து வீட்டுல ஒருத்தர் இருக்கிறது போதாதா?" என்றார் என் கணவர். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் குறட்டை விட்டார். இந்தப் பக்கம் நான் விழித்திருந்தேன். அவருடைய பயம் முழுவதும் சுவரைத் தாண்டி என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

ஒரு முறை தேக்கா சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கிறேன், கூரை அதிர ஓர் இடி. என் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி என் பையில். அண்ணிக்கு ஏதாவது ஆனால் யார் கதவைத் திறப்பது? "அக்கா, மீனு! அக்கா!" என்று கடைக்காரர் கத்தக் கத்த ஓடினேன். டாக்சிக்காரரை விரட்டி, மழையில் நனைந்து, மூச்சிரைக்க வீட்டு வாசலில் இறங்கினால், அண்ணன் தன் வீட்டு முன்னால் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே மெஷின் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, நாய் துரத்துச்சா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டீயைப் பிடுங்கிக் குடித்தேன்.

கடைசியில் கரண்ட் போனது இடியால் அல்ல. மேகமே இல்லாத ஒரு மத்தியானம். தெருக்கோடியில் சாலையைத் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரம் எதையோ வெட்டிவிட்டது. என் தலைக்கு மேல் மின்விசிறி மெதுவாக நின்றது. அடுத்த நொடி, சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் விடாமல் அலறத் தொடங்கியது.

மாடிப்படிக்கு ஓடினேன். சங்கிலியின் கொக்கியைக் கழற்ற விரல்கள் வழுக்கின. கழற்றினேன். தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர் என்ன சொல்வார், மறிப்பாரா, மறித்தால் தள்ளிவிட்டுப் போக வேண்டியதுதான் என்றெல்லாம் ஓடியது மனசு. கதவைத் திறந்தால் என் வாசலிலேயே அண்ணன் நின்றிருந்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

"கொடுங்க."

"அண்ணே, இது..."

"அப்புறம். நீங்க குழாயப் பிடிங்க."

அவரே தள்ளிக்கொண்டு போனார். அண்ணி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, நெஞ்சு ஏறி இறங்க, எங்களைப் பார்த்தார். உதடு நிறம் மாறியிருந்தது. அண்ணன் சிலிண்டருக்கு முன் குனிந்தார். டூல்பாக்ஸ் மீட்டிங் குரல் நடுங்கியது. "பக்கத்துல நெருப்பு இல்ல. முகத்த அந்தப் பக்கம் திருப்பணும். வால்வு மெதுவா... மெதுவா..." திறந்தார். உஸ்ஸென்று காற்று வந்தது. குழாயை அண்ணியின் மூக்கில் மாட்டிவிட்டு, தன் காதை அவர் வாயருகே வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணியின் மூச்சு சீராக வந்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன். வெளியே வெயில் கொளுத்தியது. எங்கள் தலைக்கு மேல் அத்தனை பேனலும் சும்மா காய்ந்துகொண்டிருந்தன.

கரண்ட் வந்து, மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு அண்ணி கேட்டார். "பேனல் ஓடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இடி இழுக்குமா, பறக்குமான்னு எல்லாம் கேட்டவன், அந்த ஒரு கேள்வியக் கேட்காம விடுவேனா? முதல் நாளே கேட்டுல வச்சுக் கேட்டுட்டேன். நல்ல ரூல் லா அது. கம்பிய சரி பண்ண வர்றவனுக்கும் வீட்டுல பொண்டாட்டி இருப்பா."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"உள்ள வந்தா, போடலாமான்னு கேட்டு அப்படிப் பார்த்த. சொல்ல வாய் வரல. போடலாம்னேன். நீ சிரிச்ச."

"நீங்க தூங்குவீங்கன்னு சிரிச்சேங்க," என்றார் அண்ணி.

இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சத்தியம் செய்துகொடுத்திருந்த அருண், அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஏன் அத்தனை தண்ணீர் குடித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"சிலிண்டர் விஷயம் எப்படி அண்ணே தெரியும்?"

"சங்கிலிய இழுத்துக் கட்டுற சத்தம் சுவத்துல கேட்காதா? ஆயுசு பூரா கேட்ட சத்தம். மறுநாளே மிஸ்ஸிகிட்டப் போய் நானும் திறக்கக் கத்துக்கிட்டேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு சாவியும் வாங்கி வச்சிருக்கேன். நீங்க தேக்கா போற அன்னைக்கெல்லாம் நான்தான் போயி சங்கிலியப் பார்த்துட்டு வருவேன்."

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பிய என் கணவருக்கு என்ன நடந்தது என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

"உங்க வீட்டுல இருந்தா வெடிக்கும், எங்க வீட்டுல இருந்தா வெடிக்காதா?" என்றேன்.

"நடுவுல ஒரே சுவருதான தங்கச்சி. வெடிச்சா ரெண்டு வீடும் சேர்ந்துதான் போகும்."

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எப்படி அண்ணே அப்படிக் குறட்டை விட்டீங்க?"

அண்ணன் என்னவோ நான் தெரிந்ததையே கேட்பதுபோல் பார்த்தார். "சிலிண்டர் வர்ற வரைக்கும் விட்டது இவ நம்பணும்னு விட்ட பொய்க் குறட்டை, அப்புறம் விட்டதுதான் நிஜம். நான் டேங்குக்குள்ள இருந்தேன். வாசல்ல நீங்க நின்னீங்க. இடி இடிச்சா அந்தப் பக்கம் மாடிப்படிக்கு நீங்க ஓடறது கேட்கும். நீங்க அவ்வளவு நல்லா பயப்படும்போது நான் எதுக்கு முழிச்சிருக்கணும்?"

எனக்குக் கோபமாகத்தான் வந்தது. கூடவே கண்ணும் கலங்கிவிட்டது.

இப்போது அவர்கள் ஈசூனில், மகள் வீட்டுக்கு அடுத்த பிளாக்கில் இருக்கிறார்கள். அண்ணிக்கு மாடிப்படி ஏற முடியவில்லை என்று போனார்கள். சிலிண்டரும் போனது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே, இரட்டைச் சங்கிலி போட்டு. பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் கரண்ட் பில்லைப் பார்த்துப் பூரித்துப் போகிறார்கள். இடி இடித்தால் அவர்கள் சுவரைத் தட்டுவதில்லை. அந்தச் சுவரைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

ஆனால் மத்தியானத்தில் வானம் உறுமினால் போன் வரும். எடுத்ததும் முதலில் கேட்பது அண்ணியின் மெஷின் சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

"தங்கச்சி, அங்க இடிக்குதா?"

"இடிக்குது அண்ணே."

"பயமா இருக்கா?"

"ரொம்பப் பயமா இருக்கு அண்ணே."

"நல்லது. அப்ப நான் கொஞ்சம் தூங்கறேன்," என்று வைத்துவிடுவார்.

அவர் எழுந்து மறுபடி கூப்பிடும் வரை நான் போனைக் கையை விட்டுக் கீழே வைப்பதில்லை.